வெளியே வராத ஆரத்தித் தட்டு

செவ்வாய்க்கிழமை காலை சென்னை மூர்மார்க்கெட் வளாக ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். பதினைந்து ரூபாய். ஏறக்குறைய நாற்பத்தேழு கிலோமீட்டர். எண்ணூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அத்திப்பட்டில் ஒரு கூட்டம் இறங்கியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வயலும் குடோனும் மாறிமாறி வந்தன.

தேர்தல் பார்க்கத்தான் போனேன். எனக்கு இதில் ஒரு கிறுக்கு உண்டு. நாடு முழுக்கத் தேர்தல் நடக்கும்போது நான் எங்கேயும் போவதில்லை. அப்போது எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கும். தலைவர் இறந்தோ, பதவி பறிபோயோ, ஒரே ஒரு ஊராட்சிக்கு மட்டும் பருவம் தப்பி ஒரு தேர்தல் வரும். அதைப் பார்க்கப் போவேன், வந்து எழுதுவேன். திருவிழா இல்லாத நாளில் தேர் ஓடுகிற மாதிரி இருக்கும். இதற்குச் சர்க்காரில் வைத்திருக்கிற பெயர் தற்செயல் தேர்தல். கூட்டம் இருக்காது, பெரிய ஆட்கள் வரமாட்டார்கள். அதனால் ஊரின் முகம் நன்றாகத் தெரியும்.

நான் போன ஊரைப் பூலாங்கண்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மைப் பெயர் இல்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் உண்மை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்றின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது.

"எங்க போவணும்?"

"பூலாங்கண்டிகை. எலெக்‌ஷன் பாக்க."

"பாக்கவா? இன்னா, சினிமாவா அது?" என்றார். "நாப்பது ரூபா. குந்து."

அவர் பெயர் யேசுபாதம். போகிற வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய தங்கை ஸ்டெல்லா தலைவர் பதவிக்கு நிற்கிறாள். சின்னம் பூட்டு சாவி. மைக்கில் பேசுவது அவர்தான். மூன்று நாள் கத்தியதில் தொண்டை போய்விட்டது. நான் முன்பு உப்பு வண்டியில் மைக் பிடித்தவன் என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தபிறகு நான் பார்த்த வேலைகளில் அது ஒன்று.

"எங்க, ஒரு தபா கத்து."

"கல்லுப்பேய், தூளுப்பேய்" என்று கத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள்.

"போதும். ரெண்டு நாளு நீதான் பேசற. மூணு வேளை சோறு, படுக்க எடம், கைல டப்பு கொஞ்சம்." பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்து, "நம்ம ஆளா?" என்று கேட்டார். இப்படி நேராகக் கேட்கிறவர்களிடம் எனக்குச் சங்கடம் இல்லை.

"ஆமா. விழுப்புரம் பக்கம். காலனிதான்."

"அப்ப நம்ம ஊட்லயே துன்னலாம்" என்றார்.

சத்தியவேடு சாலையிலிருந்து பிரிந்ததும் தைலமரத் தோப்பு. அதற்குப் பிறகு தொழிற்பேட்டைச் சாலை. அகலமாக, நடுவில் செடி வைத்து, இருபக்கமும் விளக்குக் கம்பம் நட்டு, ஓர் ஆள்கூட நடக்காத சாலை. பகலிலும் சில விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மதில் மதிலாகக் கம்பெனிகள். ஒரு சிறுபாலம் வரைக்கும் தேர்தலுக்கான அடையாளமே இல்லை. பாலத்தைத் தாண்டினால் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து எழுதியிருந்தார்கள். பாலத்துக்கு இந்தப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பூலாங்கண்டிகையில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். "அங்க இன்னாத்துக்கு இப்ப எலெக்‌ஷன்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்டெல்லா முதல் ஷிப்ட் முடிந்து வந்தாள். முப்பத்தைந்து வயது. கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கார் கம்பெனிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற இடத்தில், பேக்கிங் பிரிவில் வேலை. ஒப்பந்தக்காரர் மூலமாகப் பத்து வருஷம்.

"அண்ணே, மைக்ல என்னென்னவோ பேசாதீங்க" என்றாள் முதல் பேச்சாக. "குடும்ப விளக்கு, குலவிளக்குன்னுலாம் வேணாம். எட்டு லைட்டுக் கம்பம், ஒரு ரோடு. அது மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல நானு எதுவும் செய்யப்போறதில்ல."

"இப்டிப் பேசினா எவன் ஓட்டு போடுவான்?" என்றார் யேசுபாதம்.

"பொய் சொன்னா மட்டும் போட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பானா?"

அந்த எட்டுக் கம்பம் எங்கே வேண்டும் என்பதைச் சாயங்காலம் நடந்து பார்த்தேன். காலனியிலிருந்து தொழிற்பேட்டைச் சாலைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் மண்பாதை. ஒரு பக்கம் கம்பெனி மதில், இன்னொரு பக்கம் கால்வாய். காலை ஐந்தரை மணி வேனுக்குப் பெண்கள் இதில்தான் நடக்கிறார்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் இதில்தான். போன மழைக்காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண்ணை விரியன் கடித்துவிட்டது. சேற்றில் ஆம்புலன்ஸ் உள்ளே வரவில்லை. போர்வையில் போட்டுத் தூக்கிப்போனார்கள். பிழைத்தாள், ஆனால் கால் சரியாகவில்லை. தலைவர் இறந்து பதவி காலியானதும், அந்தப் பெண்ணைத் தூக்கியவர்களில் ஒருத்தியான ஸ்டெல்லா போய் வேட்புமனு கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலனிக்குள் ஓட்டு கேட்டோம். எல்லா வாசலிலும் ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, மேலே கற்பூரம். கிறிஸ்தவர்கள் வீட்டில் கற்பூரத்துக்குப் பதில் மெழுகுவத்தி. ஒரு பெண் ஸ்டெல்லாவின் நெற்றியில் பொட்டு வைக்கப் போய், "ஐயோ, நீ வச்சிக்க மாட்டியே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் வைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் காலனி ஓட்டு மட்டும் போதாது என்று எல்லாருக்கும் தெரியும். எதிரே நிற்பது இறந்துபோன தலைவரின் மருமகள். ஊர்த்தெரு அவள் பக்கம். ஊரில் கொஞ்சமாவது பிரிந்து வந்தால்தான் ஸ்டெல்லாவுக்கு வழி. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"வேன்ல எம்பக்கத்து சீட்டு தேவகிது. ஊருக்காரி. ஏழு வருசமா ஒரே டப்பாவுல துன்றோம். நீ எங்க தெருவுக்கு வா, நான் தட்டு எடுத்துக்கினு வரேன்னு சொல்லிக்கீறா."

"ஒரு தட்டு வந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"உனக்கு ஊர்த்தெரு தெரியாதாண்ணே? மொதல்ல எவளும் வரமாட்டா. ஒரு ஊட்லேந்து தட்டு வந்துட்டா, அடுத்த ஊட்டுக்காரி வராம இருக்க முடியாது. அவ வந்தா அதுக்கு அடுத்த ஊடு. தட்டு வராத ஆளுக்கு அந்தத் தெரு ஓட்டு கெடையாதுன்னு அர்த்தம்."

எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை பிரசாரத்தின் கடைசி நாள். காலை பத்து மணிக்கு ஊர்த்தெருவுக்குப் போனோம். பால் சொசைட்டி பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டார் யேசுபாதம். உள்ளே ஓட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவரே நிறுத்தினார். ஸ்டெல்லாவும் ஏழெட்டுப் பெண்களும் நடந்தார்கள். நான் துண்டு நோட்டீஸ் கட்டோடு முன்னால் போனேன்.

யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "சரிம்மா, பாத்துக்கலாம்", "போட்டுடலாம், போட்டுடலாம்" என்றார்கள். நோட்டீஸை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாசற்படியை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. முதல் நாள் எதிர்வேட்பாளருக்குச் சுற்றிக் கொட்டிய ஆரத்தியின் கறை ஒவ்வொரு வாசலிலும் சிவப்பாகக் காய்ந்துகிடந்தது. ஸ்டெல்லா அந்தக் கறைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

தேவகியின் வீடு நீலவண்ணம் அடித்த மாடி வீடு. கம்பிக் கதவுக்கு உள்ளே நாற்காலியில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். முன்பு பால் சொசைட்டியில் வேலை பார்த்தவராம். ஸ்டெல்லா இன்னும் நாலு வீடு பின்னால் இருந்தாள்.

"இன்னா நைனா, வெயில்ல வேர்த்துக்கினு வரியே. உள்ள வா, தண்ணி குடி" என்றார்.

போனேன். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார். காலையிலிருந்து வெயிலில் இருந்தவனுக்கு அந்தக் காற்று சுகமாக இருந்தது.

"ஆளு புச்சா கீற. எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்."

"ஊருல எந்தத் தெரு?"

ஊர் ஊராக இத்தனை வருஷம் சுற்றியதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று, இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லவேண்டும் என்பது. "பிள்ளையார் கோயில் தெரு" என்றேன். எங்கள் ஊரில் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்கூட நான் போனதில்லை.

"அதானே பாத்தேன். பொழப்புக்கு மைக் புடிக்கற. தப்பில்ல" என்றார். உள்பக்கம் திரும்பி, "தேவகி, டீ போடும்மா" என்றார்.

தேவகி எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால், சமையலறை நிலைப்படியை ஒட்டித் தரையில் தட்டு இருந்தது. பித்தளைத் தட்டு. சிவப்புத் தண்ணீர் கலக்கி, வெற்றிலை போட்டு, கற்பூரம் வைத்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி. தேவகி நல்ல புடவை கட்டியிருந்தாள்.

நான் பார்ப்பதைப் பெரியவரும் பார்த்தார்.

"என் மருமவளும் அந்தப் பொண்ணும் ஒரே கம்பெனி. பழக்கம் இருக்கட்டும், நான் வேணாங்கல. துன்னட்டும், பேசட்டும். ஆனா நம்ம ஊட்டுப் பொம்பள தெருவுல எறங்கி அதுக்குத் தட்டு சுத்தினா, நாளைக்கு நம்ம ஊட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்?" கோபமே இல்லாமல்தான் பேசினார். "நான் சொன்னா கெழவன் பேசறேன்னு நெனைக்குது. நீ நாலு ஊரு பாத்தவன் நைனா. நீயே சொல்லு."

தேவகி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்டெல்லாவின் ஆள். அவளுடைய நோட்டீஸ் என் மடியில் இருக்கிறது. நான் என்ன சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. "எடுத்துட்டுப் போம்மா" என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பாளோ என்னவோ. ஆனால் என் கையில் அந்த வீட்டு டம்ளர் இருந்தது. ஒரு வார்த்தை பிசகினால் அடுத்த கேள்வி தெருவைப் பற்றியதாக இருக்காது.

"ஊரோட ஒத்துப்போறதுதாங்க நல்லது" என்றேன்.

"கேட்டியாம்மா?" என்றார் பெரியவர்.

தேவகி தட்டின் பக்கம் குனிந்தாள். கற்பூரத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொல்லையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ.

வெளியே வந்தபோது ஸ்டெல்லா அந்த வீட்டுக்கு எதிரே வந்திருந்தாள். கம்பிக் கதவை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். பெரியவரும் கும்பிட்டார். "பாத்துக்கலாம்மா" என்றார். அவள் கொஞ்சநேரம் தலையைக் குனிந்து சாக்கடையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். தெருக்கோடி வரைக்கும் ஒரு தட்டும் வரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்:

"தேவகி ஊட்டுக்குள்ள போனியேண்ணே. தட்டு எதுனா வச்சிருந்தாளா?"

"நான் பாக்கல" என்றேன்.

"டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"சரி" என்றாள். அன்று சாயங்காலம் ஐந்து மணி வரை மைக்கில் நான்தான் பேசினேன். எட்டுக் கம்பம், ஒரு ரோடு. குரல் நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை வாக்குப்பதிவு. அந்த ஒரு ஊராட்சிக்கு மட்டும் தேர்தல் என்பதால் ஒப்பந்தக்காரர் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். காலனிப் பெண்கள் ஆளுக்காள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். கால் சரியில்லாத அந்தப் பெண்ணை யேசுபாதம் ஆட்டோவில் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் ஒரு வரிசை, காலனிக்காரர்கள் ஒரு வரிசை. யாரும் பிரித்துவிடவில்லை. தானாகவே இரண்டாக நின்றது.

எண்ணுவது செவ்வாய்க்கிழமை என்றார்கள். என் வேலை முடிந்துவிட்டது. அப்போதே நான் கிளம்பியிருக்கலாம். ஒரு குடோனில் மூட்டை இறக்குகிற வேலை கிடைத்தது, இருந்துவிட்டேன். ஜெயித்துவிட்டால் நான் சொன்னது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இருந்தேன். சாப்பாடு ஸ்டெல்லா வீட்டில்தான். தட்டில் மீன் அதிகமாக விழுந்தது. சாப்பிடச் சாப்பிட எனக்குத் தலை நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கும்மிடிப்பூண்டியில் எண்ணி முடித்தார்கள். பதினேழு ஓட்டில் ஸ்டெல்லா தோற்றாள்.

"பேஜாராப் போச்சுபா" என்றார் யேசுபாதம். ஆட்டோவை ஊருக்குத் திருப்பினார். ஸ்டெல்லா தனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட் போட்டிருக்கிறார்களா என்று யாருக்கோ போன் செய்து கேட்டாள். மறுநாள் முதல் ஷிப்ட் என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு அந்த மண்பாதையில் பெண்களோடு நடந்தேன். ஒவ்வொருத்தி கையிலும் செல்போன் வெளிச்சம். எனக்கு முன்னால் ஸ்டெல்லா. "எடது பக்கம் பள்ளம்ணே" என்று இரண்டு இடத்தில் சொன்னாள். சாலைக்கு ஏறியதும் கண் கூசியது. அங்கே வரிசையாகக் கம்பங்கள், வரிசையாக விளக்குகள், கீழே ஒருவரும் இல்லை.

வேன் டிரைவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஹைவேயில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டெல்லா ஏற்றிவிட்டாள். அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தம் பால் சொசைட்டி. தேவகி ஏறினாள். எங்கே உட்காருவாள் என்று வேனில் எல்லாரும் பார்த்தார்கள். வந்து ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

வேன் கொஞ்சதூரம் போனது. பிறகு தேவகி, "ஓட்டு உனக்குத்தாண்டி போட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"தட்டுகூட கலக்கி வச்சேன். கொல்லையில கொட்டிட்டேன்." திரும்பி என்னைக் காட்டினாள். "இவருதான் உள்ள குந்திக்கினு பாத்தாரே. உங்கிட்ட சொல்லலியா? ஊரோட ஒத்துப்போவணும்னு எனக்கு புத்தி சொன்னவரே இவருதானே."

ஸ்டெல்லா திரும்பவில்லை.

"ஊட்டுக்குள்ள என்ன பேசினீங்களோ, எனக்குத் தெரியாது" என்றாள். "தட்டு தெரியும். நீ கொட்டின தண்ணி குழா வழியா சாக்கடைக்கு வந்துச்சு. செவப்பா. நான் அதுக்கு எதிர்லதான் நின்னுக்கினு இருந்தேன்."

அப்படியென்றால் ஆட்டோவில் என்னைக் கேட்டபோதே அவளுக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை என்று சொன்னது பொய் என்று தெரிந்தேதான் ஐந்து நாள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ஹைவே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தேவகி டப்பாவைத் திறந்தாள். இட்லி, காரச்சட்னி. இருவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஸ்டெல்லா மூடியில் இரண்டு இட்லி வைத்துப் பின்னால் நீட்டினாள்.

"துன்னுண்ணே. டிரெயின்ல ஒண்ணும் கெடைக்காது."

"வேணாம்மா."

"தேவகி ஊட்டு இட்லிதான். அங்க டீ குடிச்சவருதானே நீ" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாப்பிட்டேன். மூடியை எங்கே கழுவுவது என்று தெரியவில்லை. தேவகி வாங்கிக் கழுவாமலே டப்பாவின்மேல் போட்டு மூடிக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டியில் காலை ஏழு மணி வண்டி கூட்டம். அதே பதினைந்து ரூபாய். பொன்னேரி வரைக்கும் யாருடைய பேச்சிலும் பூலாங்கண்டிகை வரவில்லை. ஒரு தேர்தல் நடந்து முடிந்தது இந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது.

எங்கள் ஊரிலும் காலனிக்கு வருகிற பாதையில் விளக்கு இல்லை. என் அக்கா இன்னும் அதில்தான் நடக்கிறாள். எத்தனையோ ஊரின் பாதைகளைப் பற்றி எழுதிவிட்டேன், அதைப் பற்றி எழுதியதில்லை. எழுதினால் அது எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லவேண்டிவரும்.

மீஞ்சூரில் எனக்கு எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சள் பை. சிநேகமாகச் சிரித்தார்.

"எந்த ஊரு தம்பி?"

விழுப்புரம் பக்கம் என்று ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். இந்தமுறை உண்மையான பதில்.

அவர் கேட்கவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானாகச் சொல்லியிருக்கலாம். பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நேரம் இருந்தது.